தபீதாள் பார்த்த பொட்டாசியம்

தபீதாள் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியின் லேப்பில் சேர்ந்தது 1963-ல். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். தகப்பனார் இயேசுதாசன் மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். வேலூரில் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து, சித்தூரிலேயே சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, அரசாங்க உத்தியோகம் கிடைத்ததும் திருப்பதிக்கு வந்தாள். கணவர் எர்னஸ்டுக்கு சித்தூரில் ஒரு ஃபாக்டரியில் பாய்லர் பார்க்கிற வேலை. பிள்ளைகள் இல்லை. அதனால் ஆறு நாள் அவள் திருப்பதியில் ஒற்றை அறையில் இருப்பாள், சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வருவாள், ஞாயிறு கோயிலுக்குப் போவாள், திங்கள் காலையில் முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவாள். இப்படியே இருபது வருஷம் ஓடியது.

அதிகம் பேசமாட்டாள். ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது. ரிசல்ட் சீட்டின் அடியில் இருக்கும் அவள் கையெழுத்து மட்டும் தெரியும்.

1974-ல் லேப்புக்கு ஃப்ளேம் போட்டோமீட்டர் என்ற மிஷின் வந்தது. ரத்தத்தில் இருக்கும் உப்புகளை அளக்கிற மிஷின் அது. ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால் மேலே தெளிந்து நிற்கும் நீருக்கு சீரம் என்று பெயர். அந்த சீரத்தைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து, மெல்லிய குழாய் வழியாக மிஷினுக்குள் எரியும் கேஸ் சுடருக்குக் கொடுக்க வேண்டும். சோடியம் இருந்தால் சுடர் மஞ்சளாகும். பொட்டாசியம் இருந்தால் வெளிர் ஊதா. எவ்வளவு ஊதா என்பதை ஊசி எண்ணாகக் காட்டும். மூன்றரையிலிருந்து ஐந்து வரை இருந்தால் நல்லது. ஐந்தைத் தாண்டினால் இதயம் தடுமாறத் தொடங்கும். ஏழைத் தொட்டால் எந்த நிமிஷமும் நின்றுவிடலாம். மிஷினைக் கொண்டுவந்த கம்பெனிக்காரர் ஒரு நாள் இருந்து காட்டிக் கொடுத்துவிட்டு மெட்ராஸுக்குப் போய்விட்டார். மற்றவர்கள் கேஸ் வெடிக்குமோ என்று பயந்தார்கள். தபீதாள் பயப்படவில்லை. இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டிப் பழகிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த மிஷின் அவளுடையது போலவே ஆகிவிட்டது.

1978 நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஏரிகள் உடைந்து, வயல் எல்லாம் தண்ணீர். மழை விட்ட இரண்டாவது வாரம் ஆண்கள் வார்டில் ஒரே மாதிரி நோயாளிகள் வந்து படுத்தார்கள். கடுமையான காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் தொட முடியாத வலி, நாலாம் நாள் காமாலை, ஐந்தாம் நாள் சிறுநீர் குறைவது. எல்லாருமே சேற்றில் கால் வைக்கிறவர்கள். டாக்டர்கள் காமாலை என்று எழுதி, குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அதில் ஒருவர் நாகையா. வெதுருகுப்பம் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர், நாற்பது வயது. அவருடைய ரத்தம் மத்தியானம் மூன்று மணிக்கு லேப்புக்கு வந்தது. தபீதாள் பொட்டாசியம் பார்த்தாள். ஊசி 6.8-ல் நின்றது.

அவள் அதை நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ரத்தத்தின் சிவப்பு அணுக்களுக்குள் பொட்டாசியம் நிறைய உண்டு. ஈரம் காயாத சிரிஞ்சில் எடுத்தாலோ, ஊசி வழியாக வேகமாகப் பீய்ச்சினாலோ, பாட்டிலைக் குலுக்கினாலோ அணுக்கள் உடைந்து அந்தப் பொட்டாசியம் சீரத்தில் கலந்துவிடும். அப்போது எண் பொய்யாக ஏறும். உடைந்த சீரம் இளஞ்சிவப்பாக இருப்பதால் சாதாரணமாகக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் நாகையாவின் சீரம் காமாலையால் மஞ்சளேறிக் கிடந்தது. அதற்குள் சிவப்பு இருக்கிறதா இல்லையா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. அன்று காலையிலிருந்து வார்டிலிருந்து வந்த சாம்பிள்களில் மூன்று ஏற்கெனவே உடைந்தவை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, 'சாம்பிள் கெட்டுவிட்டது, மறுபடி எடுத்து அனுப்பவும்' என்று சீட்டு எழுதி அனுப்பினாள். வழக்கம் அதுதான்.

மறுபடி யாரும் அனுப்பவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு லேப்பைத் திறந்தவுடன் அவளுக்கு அது நினைவு வந்தது. வார்டுக்குப் போனாள். ஹெட் நர்ஸ் தாட்சாயணி மருந்து டிரேயை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாகையாவா? விடியறதுக்கு முன்னாடியே போய்ட்டாரு தபீதாம்மா. நல்லா பேசிக்கினு இருந்தவரு. தண்ணி கேட்டாரு, குடுத்துட்டு இப்பிடித் திரும்பறேன், அவ்ளோதான்."

"நேத்து ஒரு சீட்டு அனுப்பிச்சேனே, மறுபடி ரத்தம் வேணும்னு?"

தாட்சாயணி கேஸ் ஷீட்டை எடுத்துப் பிரித்தாள். சீட்டு உள்ளே மடித்தபடியே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை தபீதாள் எர்னஸ்டிடம் இதைச் சொன்னாள். அவர் தட்டில் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ எழுதினது முறைப்படி சரிதானே?" என்றார்.

"சரிதாங்க. ஆனா அந்த நம்பர் நெசமா இருந்திருக்கும். ஆளு போன விதத்தப் பாத்தா நெசம்தான்."

எர்னஸ்ட் பிசைந்த சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "பாய்லர்ல மீட்டர் மேல ஏறிக்கினு போனா, மீட்டர் கெட்டுப்போச்சின்னு ஒரு சீட்டு எழுதி வச்சிட்டு நான் வீட்டுக்கு வந்துட முடியாது தபீதா. நானே போய்த் தொட்டுப் பாத்துட்டுத்தான் வருவேன்."

அவள் மனம் நோக வேண்டுமென்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் அவள் பாதிச் சாப்பாட்டில் நிறுத்திக்கொண்டாள். எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து காமாலைக் காய்ச்சல்காரர் யாருக்காவது பொட்டாசியம் ஐந்தைத் தாண்டினால், சீட்டு எழுதுவதற்கு முன்பு அவளே வார்டுக்குப் போனாள். வெந்நீரில் கொதிக்கவைத்து, நன்றாக உலர்த்தித் துணியில் சுற்றிய தன்னுடைய கண்ணாடி சிரிஞ்சையும் இரண்டு குழாய்களையும் எடுத்துப்போவாள். கையை இறுக்கிக் கட்டமாட்டாள். மெதுவாக இழுப்பாள். ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் சுவரோடு ரத்தத்தை வழியவிடுவாள். உடனே கொண்டுபோய்ச் சுழற்றிப் பிரித்து மறுபடி பார்ப்பாள்.

பயிற்சி டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. லேப் அம்மாவுக்கு வார்டில் என்ன வேலை என்று பெரிய டாக்டரிடம் புகார் போனது. அவர் கூப்பிட்டனுப்பினார்.

"சாம்பிள் உடையாம வந்தா நான் ஏன் சார் மாடி ஏறப்போறேன்? எனக்கு முட்டி வலி வேற," என்றாள் தபீதாள்.

அவர் சிரித்துவிட்டார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அவள் எடுத்த இரண்டாவது ரத்தத்தில் எண் இறங்கிய சமயங்களும் உண்டு. அப்போது நிம்மதியாகப் படியிறங்குவாள். இறங்காத சமயங்களில் அந்த ஆள் அநேகமாக வீடு திரும்பவில்லை. இது ஒரு மழைக்காலத்தோடு நிற்கவில்லை. 1979-லும் அப்படி, 1980-லும் அப்படி. சீக்காளியின் கிட்னி கெட்டுப்போனதைக் காட்டும் யூரியா என்கிற எண்ணைத்தான் டாக்டர்கள் கவனித்தார்கள். தபீதாளுக்கோ வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. யூரியா பயங்கரமாக ஏறியிருந்தும் பொட்டாசியம் மூன்று, மூன்றரை என்று இருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு நாளில் எழுந்து நடந்து போனார்கள். அதே யூரியாவோடு பொட்டாசியமும் ஏறியவர்கள் போனது வேறு வழியாக.

1981 ஆரம்பத்தில் அவள் லேப் ரெஜிஸ்டர்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரிக்கார்டு அறைக்குப் போய், அங்கே இருந்த சுந்தரம்மாவிடம் கேட்டு, நம்பர் நம்பராகக் கேஸ் ஷீட்டுகளைத் தேடி, யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று பக்கத்தில் குறித்தாள். இரண்டு மாதம் ஆனது. மூன்று மழைக்காலத்தில் காமாலையும் யூரியாவும் சேர்ந்து ஏறிய நோயாளிகள் முப்பத்தெட்டுப் பேர். இறந்தவர்கள் பதினான்கு. பொட்டாசியம் ஐந்துக்கு மேல் போனவர்கள் பதின்மூன்று பேர், அதில் பத்துப் பேர் இறந்திருந்தார்கள். ஐந்துக்குக் கீழே இருந்த இருபத்தைந்து பேரில் இறந்தது நாலே பேர்.

அந்த வருஷம்தான் டாக்டர் வெங்கடரமணன் மாற்றலாகி வந்திருந்தார். புத்தூர்க்காரர், வயது முப்பத்திரண்டு, வீட்டில் தமிழ். தபீதாள் இந்தக் கணக்கை எழுதிய தாளை அவர் மேஜைமேல் வைத்தாள். அவர் நின்றபடியே படித்தார்.

"தபீதாம்மா, கிட்னி நின்னா பொட்டாசியம் ஏறும். ஏறினவங்க சாவாங்க. இதுல புதுசா என்ன இருக்கு?"

"சரி சார். அப்போ யூரியா எரநூறு இருக்கிறவங்களுக்கு மூணு புள்ளி ஒண்ணு ஏன் இருக்குது? மத்த கிட்னி கேசுல நான் அப்பிடிப் பாத்ததே இல்ல. அவங்களுக்கு ரெண்டும் சேர்ந்துதான் ஏறும்."

அவர் உட்கார்ந்தார். தாளை மறுபடி மேலிருந்து படித்தார். யூரியா பத்தியை விரலால் தொட்டபடி, அதற்கு நேரே இருக்கும் பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இவங்க கிட்னி பொட்டாசியத்த வெளிய விட்டுக்கிட்டே இருக்கு," என்றார் தனக்குத்தானே சொல்வதுபோல. "அதுதான் இந்த நோயோட குணம். அப்பிடிப்பட்டவனுக்கே ஏறுதுன்னா, உள்ள ரொம்பக் கெட்டுப்போச்சின்னு அர்த்தம்."

அந்த அக்டோபரில் புதிதாக வந்த நாலு பேருடைய ரத்தத்தை, எலிக்காய்ச்சலோ என்ற சந்தேகத்தில், அவர் ஐஸ் பெட்டியில் வைத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். மூன்று பேருக்கு லெப்டோஸ்பைரா என்று பதில் வந்தது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து, காலில் இருக்கும் வெடிப்பு வழியாக உடம்புக்குள் ஏறுகிற கிருமி. பெனிசிலின் கேட்கும், சீக்கிரம் கொடுத்தால்.

நவம்பர் இரண்டாம் வாரம் திருவேங்கடம் வந்தார். நகரி பக்கத்து நெல் விவசாயி. நாற்பத்தைந்து வயது, உழைத்து இறுகிய உடம்பு. காய்ச்சல் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. மனைவி பொன்னியம்மாள்தான் பஸ்ஸில் கூட்டிவந்து சேர்த்தாள். கண் மஞ்சளுக்கு நடுவே ரத்தமாகச் சிவந்திருந்தது. பெனிசிலின் தொடங்கினார்கள். முதல் நாள் பொட்டாசியம் 4.4. தபீதாளுக்கு அதுவே பிடிக்கவில்லை. மறுநாள் காலை 5.3. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளே எடுத்த ரத்தத்தில் 5.9.

மூன்றாம் நாள் காலை வெங்கடரமணன் கலங்கிப்போயிருந்தார். "டிரிப்ல ஒரு துளி பொட்டாசியம் இல்ல. பெனிசிலினைக்கூட பொட்டாசியம் இல்லாத வகையா மாத்திட்டேன். ஆனா எப்பிடி இவ்ளோ வேகமா ஏறுது?"

தபீதாள் ரத்தம் எடுக்கக் கட்டிலருகே குனிந்தபோது காலில் ஏதோ இடித்தது. கட்டிலுக்கு அடியில் சீவிய இளநீர்க் காய்கள் ஐந்தாறு கிடந்தன.

"ஏம்மா, இதெல்லாம் யாருக்கு?"

"எங்க ஊட்டுக்காரருக்குத்தாம்மா," என்றாள் பொன்னியம்மாள். "சோறு துன்னமாட்டேங்கறாரு. எளநியாவது எறங்கட்டும்னு மணிக்கு ஒண்ணு குடுத்துக்கினு இருக்கிறேன். வாசல்ல ரோட்டோரமா விக்கறான். காமாலைக்கு எளநி நல்லதாச்சே."

தபீதாள் காய்களை எண்ணிப் பார்த்தாள். இளநீரில் பொட்டாசியம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். மிஷின் வந்த புதிதில், வேடிக்கைக்காக ஒரு தரம் அதில் விட்டுப் பார்த்திருக்கிறாள்; ஊசி கடைசிவரை போய் இடித்து நின்றது.

"நல்லதுதாம்மா," என்றாள். "எல்லாருக்கும் நல்லது. இவருக்கு இப்ப ஒண்ணுக்கு சரியா போகல பாரு. எளநியில ஒரு உப்பு இருக்குது. அது வெளிய போக வழியில்லாம ரத்தத்திலேயே நின்னு நெஞ்ச அடைக்கும். நான் சொல்ற வரைக்கும் ஒரு சொட்டு குடுக்காதே. பழரசமும் வேணாம்."

பொன்னியம்மாள் முகம் வெளுத்துப்போனது. "அய்யோ, நானே குடுத்துக் குடுத்துக் கெடுத்துட்டேனா?"

"நீ ஒண்ணும் கெடுக்கல. ஒடம்புதான் அந்த நெலமையில இருக்குது. உனக்கு யாரும் சொல்லலியே. இப்ப சொல்லிட்டேன், இல்ல?"

அன்று காலை எண் 6.7. தபீதாள் சீட்டை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. கையில் வைத்துக்கொண்டு நேராக வெங்கடரமணனிடம் போனாள். அவர் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அலைகள் கூடாரம் நட்டதுபோல் கூர்மையாக நின்றன. உடனே கால்சியம் ஊசி, பிறகு குளுக்கோஸும் இன்சுலினும். அதெல்லாம் சில மணி நேரத்துக்கே தாங்கும் என்று சொல்லி, வயிற்றில் சின்னத் துளை போட்டுக் குழாய் வைத்து, பாட்டில் பாட்டிலாகத் திரவத்தை உள்ளே விட்டு வெளியே எடுக்க ஏற்பாடு செய்தார். ரத்தத்தில் நிற்கிற கழிவு அந்தத் திரவத்தோடு வெளியே வரும்.

நாற்பது மணி நேரம் அது நடந்தது. தாட்சாயணி பாட்டில் மாற்றினாள். தபீதாள் ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் ரத்தம் பார்த்தாள். 6.1. 5.6. மறுபடி 5.8 ஆனபோது வெங்கடரமணன் அவளைப் பார்த்தார். அவள் இன்னொரு தரம் எடுத்தாள். அதுவும் 5.8தான். அதற்கு அடுத்தது 5.1. அந்தச் சனிக்கிழமை அவள் சித்தூருக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு டெலிபோனுக்குக் கூப்பிட்டுச் சொன்னபோது எர்னஸ்ட், "சரி, நான் நாளைக்குக் கோயிலுக்குப் போய்க்கிறேன். நீ அங்க பாரு," என்றார்.

ஆறாம் நாள் திருவேங்கடத்துக்குச் சிறுநீர் இறங்கியது. ஏழாம் நாள் அது வெள்ளமாகப் போயிற்று, ஒரு நாளைக்கு நாலு லிட்டர். வார்டே சந்தோஷப்பட்டது. தபீதாள் மட்டும் இன்னும் தினம் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் எண் 2.8. இப்போது தலைகீழ். போகிற சிறுநீரோடு பொட்டாசியம் எல்லாம் போய்க்கொண்டிருந்தது. இதுவும் நெஞ்சுக்கு ஆகாது. வெங்கடரமணன் மருந்து எழுதினார். தபீதாள் பொன்னியம்மாளிடம் வந்தாள்.

"அந்த எளநிக்காரன் இன்னும் வாசல்ல இருக்கிறானா?"

பொன்னியம்மாள் சந்தேகமாகப் பார்த்தாள். "இருக்கிறான். ஏம்மா?"

"போய் வாங்கியா. ஒரு நாளைக்கு மூணு குடு."

"அன்னைக்கி வெசம்னீங்க, இன்னைக்கி குடுக்கச் சொல்றீங்க. இன்னாம்மா இது?"

"வெசம்னு நான் சொல்லவேயில்ல. அன்னைக்கி உப்பு ஜாஸ்தி, இன்னைக்கி கம்மி. நாளைக்கி மறுபடி ரத்தம் பாத்துட்டு எத்தினின்னு சொல்றேன்."

திருவேங்கடம் படுத்தபடி சிரித்தார். அவர் சிரித்து அவர்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. பதினெட்டாம் நாள், எட்டு கிலோ இளைத்து, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நகரி பஸ் ஏறினார்.

எல்லோரும் அப்படிப் போகவில்லை. அதே மாதம் இரண்டு பேருக்குத் தபீதாள் எண்ணை நேரத்தோடு சொல்லியும், குழாய் வைத்தும், நுரையீரலில் ரத்தம் கசிந்து இறந்துபோனார்கள். பொட்டாசியம் நாலுகூட இல்லாத இன்னொருவரும் இறந்தார். அந்த எண்களையும் அவள் அதே தாளில் சேர்த்து எழுதினாள். ஆனால் வார்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. காமாலைக் காய்ச்சலோடு சிறுநீர் குறைந்து வந்தால் காலை மாலை இரண்டு வேளையும் பொட்டாசியம். ஐந்தைத் தாண்டினால் டாக்டருக்கு ஆள் போய்ச் சொல்ல வேண்டும், சீட்டு மட்டும் போதாது. 1982 மழையில் வந்தவர்கள் பத்தொன்பது பேர். இறந்தவர்கள் ஐந்து பேர்.

வெங்கடரமணன் ஹைதராபாத்தில் டாக்டர்கள் கூட்டத்தில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். கட்டுரையின் கீழே நன்றி என்று போட்டு அவள் பெயரை எழுதியிருந்தார். ஆங்கில அச்சில் அது ஓர் எழுத்து மாறி வந்திருந்தது. அவள் பேனாவால் அந்த எழுத்தைத் திருத்திப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

1983 பிப்ரவரியில் அரசாங்கம் ஓய்வு வயதை ஐம்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தைந்தாகக் குறைத்தது. தபீதாளுக்கு ஜனவரியில்தான் ஐம்பத்தைந்து முடிந்திருந்தது. மூன்று வாரத்தில் வீட்டுக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் அவளைப்போல இன்னும் பலர், அழுதவர்களும் உண்டு, கோர்ட்டுக்குப் போகிறேன் என்றவர்களும் உண்டு. அவள் அழவில்லை. ஆனால் கடைசி வாரம் முழுவதும் எரிச்சலாக இருந்தாள். அவள் இடத்துக்கு வந்த வரலட்சுமி குழாயைக் குலுக்கிவிட்டாள் என்று, இருபது வருஷத்தில் முதல்முறையாக லேப்பில் குரலை உயர்த்திக் கத்தினாள். பிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. கடைசி நாள் அவளுக்குப் போட்ட மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு சித்தூர் பஸ்ஸில் நின்றபடியே போனாள்.

சித்தூரில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கடைத்தெருவில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். சர்க்கரை, மூத்திரம், ரத்த அளவு, அவ்வளவுதான். பெரிய மிஷின் எதுவும் இல்லை. 1984 நவம்பரில் அங்கே ஒரு கல் குவாரித் தொழிலாளி வந்தார். குவாரிக் குட்டையில் தேங்கிய தண்ணீரில் பத்து நாள் நின்று வேலை செய்தவர். கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி, மஞ்சள். இங்கேயே படுக்க வைத்து குளுக்கோஸ் ஏற்றலாம் என்றார் கிளினிக் டாக்டர்.

"நேத்திலருந்து ஒண்ணுக்கு எவ்ளோ போச்சி?" என்று தபீதாள் அவர் தம்பியைக் கேட்டாள்.

"காலையில கொஞ்சம். அப்புறம் போவல."

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "சார், இவர இங்க வச்சிக்காதீங்க. பொட்டாசியம் பாக்கணும். நம்மகிட்ட வழியில்ல. வேலூருக்கு அனுப்புங்க, இப்பவே."

"நாளைக்கிக் காலையில பாத்துக்கலாமே?"

"காலை வரைக்கும் பொறுக்கக் கூடாது சார்."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு லெட்டர் எழுத உட்கார்ந்தார். எழுதி முடிப்பதற்குள் தபீதாள் ரோட்டுக்குப் போய் ஒரு டாக்ஸியை நிறுத்தினாள். பெனிசிலின் முதல் ஊசியைக் கிளினிக்கிலேயே போட்டுவிட்டு, தம்பியிடம் லெட்டரைக் கொடுத்து, போகிற வழியில் எளநி, பழரசம் எதுவும் வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னாள். போனதும் முதலில் பொட்டாசியம் பார்க்கச் சொல் என்றாள். தம்பி அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினான்.

டாக்ஸி வேலூர் ரோட்டில் திரும்பியது. உள்ளே இன்னும் ஆறு பேர் ரத்தம் கொடுக்கக் காத்திருந்தார்கள். தபீதாள் கையைக் கழுவிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.